புரூஸ்டர் இல்லையா, ஹரிகேனை எடுங்கள்: ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸில் பின்லாந்துக்காகப் பறப்பது

ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற இரண்டாம் உலகப் போர் விமான சிமுலேட்டர் விளையாட்டுத் தொடரில் ஸ்டாலின்கிராட், மாஸ்கோ, கூபான், போடன்பிளாட்டே, நார்மண்டி என்று தொகுதி தொகுதியாக விமானங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பின்லாந்து விமானி ஒருவர் 1941-இல் எதில் ஏறிப் பறந்திருப்பாரோ அதில் அநேகமாக எதுவும் இல்லை. புரூஸ்டர் இல்லை, ஃபோக்கர் டி.21 இல்லை, மொரான் இல்லை, ஃபியட் ஜி.50 இல்லை, கர்டிஸ் ஹாக் இல்லை. 1943 மார்ச்சில் பின்லாந்துக்கு வந்து சேர்ந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2 மட்டும் அச்சு அசலாக இருக்கிறது. ஆக, 1939-40-இல் சோவியத்தோடு நடந்த குளிர்காலப் போரையோ, 1941 கோடையில் அதே எதிரியோடு மறுபடி தொடங்கிய தொடர்ச்சிப் போரின் முதல் இரண்டு வருடங்களையோ இதில் பறக்க ஆசைப்பட்டால், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதான். எந்தப் பூ இனிக்கிறது, எது வாயில் வைக்க முடியாமல் கசக்கிறது என்று பறந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாற்று விமானம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். புரூஸ்டர் குட்டையாக, உருண்டை மூக்கோடு, பீப்பாய் மாதிரி இருக்குமா, உடனே ஐ-16-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்ற காரணத்துக்காகவே பி-40இ-யை எடுப்பவர்களும் உண்டு. மேலே பின்லாந்துச் சாயம் பூசி, வால் பக்கம் மஞ்சள் பட்டை அடித்துவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் நாம் பறப்பது காக்பிட்டுக்குள் உட்கார்ந்து. அங்கிருந்து பார்த்தால் நம் விமானத்தின் மூக்கு உருண்டையா கூரா என்பது பாதி நேரம் கண்ணிலேயே படாது. கையில் தெரிவது வேறு: எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது, திரும்பும்போது வேகம் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது, எதிரியை விட்டு விலகி ஓட முடியுமா முடியாதா, எத்தனை மீட்டர் நெருங்கினால் குண்டு பேசும். அன்றைய விமானி எடுத்த அதே முடிவுகளை நம்மையும் எடுக்க வைக்கிற விமானம் எதுவோ அதுதான் நல்ல மாற்று. இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் பட்டியல் தலைகீழாக மாறிவிடுகிறது.

புரூஸ்டரையே எடுத்துக்கொள்வோம். பின்லாந்து வாங்கிய 44 பி-239 விமானங்களும் அமெரிக்கக் கடற்படையின் எஃப்2ஏ-1 ரகத்திலிருந்து கப்பல் சமாச்சாரங்களைக் கழற்றி எடை குறைத்தவை. சுமார் 950 குதிரைத்திறன் கொண்ட ரைட் சைக்ளோன் எஞ்சின், 19.4 சதுர மீட்டர் இறக்கை, பறக்கும் எடை சுமார் 2,500 கிலோ. கணக்குப் போட்டால் இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்குவது ஏறக்குறைய 130 கிலோ, ஒவ்வொரு குதிரைத்திறனும் இழுப்பது 2.6 கிலோ. இப்போது பி-40இ: சதுர மீட்டருக்கு 170 கிலோவைத் தாண்டுகிறது, குதிரைத்திறனுக்கு 3.3 கிலோ. அது பாரவண்டி. புரூஸ்டர்காரர் செய்கிற எந்தத் திருப்பத்தையும் அதில் செய்யப் போனால் இரண்டாவது சுற்றிலேயே வேகம் போய் நடுவானில் நின்றுவிடுவீர்கள். ஐ-16 வகை 24-இல் இறக்கைச் சுமை கிட்டத்தட்ட சரியாகவே வருகிறது. ஆனால் அது இரண்டு டன்னுக்கும் குறைவான எடை, அதற்கு 1,100 குதிரைத்திறன் எஞ்சின். எகிறி எகிறி ஏறுகிறது, அதனால் எந்தத் தப்பையும் எஞ்சினே மன்னித்துவிடுகிறது. அதோடு வேகமாகப் போகும்போது மூக்கு ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுவதால் குறி வைப்பதே தனிப் போராட்டம். புரூஸ்டர் உறுதியாக நின்று சுடும் மேடை என்றுதான் அதில் பறந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அப்புறம் ஹரிகேன் மார்க் 2. நீர் குளிரூட்டும் எஞ்சின், கூர் மூக்கு, துணி போர்த்திய பின்பாதி, பார்வைக்குப் புரூஸ்டரோடு துளிகூட சம்பந்தமில்லை. எடை ஏறக்குறைய 3,400 கிலோ, மெர்லின் 20 எஞ்சினின் 1,280 குதிரைத்திறன், இறக்கை 24 சதுர மீட்டர் அளவில். வகுத்துப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 140 சொச்சம், குதிரைத்திறனுக்கு 2.6, 2.7. ஏறக்குறைய அதே எண்கள். காகிதத்தில் ஒத்துப்போவது மட்டுமில்லை, பறக்கும்போதும் அப்படியே தெரிகிறது. மெதுவாக ஏறுகிறது, தாராளமாகத் திரும்புகிறது, நேர்கோட்டில் ஓடித் தப்பிக்க மட்டும் விடாது. 1941-இல் லடோகா ஏரிப் பக்கம் புரூஸ்டரில் சுற்றியவருக்கு இருந்த நிலைமை இதுதான். உயரம் இருந்தால் ராஜா, உயரம் இல்லாவிட்டால் வட்டம் போட்டே பிழைக்க வேண்டும்.

ஹரிகேனில் பின்லாந்துக்காரராகப் பறக்க இரண்டு அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று, ஆயுதப் பட்டியலில் பீரங்கிகளைத் தொடாதீர்கள், ரைஃபிள் ரக இயந்திரத் துப்பாக்கிகளோடு விட்டுவிடுங்கள். புரூஸ்டரில் ஆரம்பத்தில் மூன்று 12.7 மில்லிமீட்டரும் ஒரு சின்னத் துப்பாக்கியும் இருந்தன, பிறகு நான்குமே 12.7 ஆயின. அந்த அடி ஹரிகேனின் சின்னக் குண்டுகளில் கிடைக்காது என்பது உண்மைதான், ஆனால் 20 மில்லிமீட்டர் பீரங்கி வைத்தால் 300 மீட்டரிலிருந்தே வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவீர்கள், அது பின்லாந்துப் பாணியே கிடையாது. இரண்டாவது, துப்பாக்கிகள் குவியும் தூரத்தை 150 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பின்லாந்தில் 150 மீட்டருக்குத்தான் துப்பாக்கிகளை ஒழுங்குசெய்தார்கள். 50 மீட்டர் வரை நெருங்கிப் போய் சுடுங்கள் என்றுதான் 24-ஆம் படையணியின் தளபதி குஸ்தாவ் மாக்னுசன் காலத்திலிருந்து பயிற்சி. இந்த ஒரு மாற்றம் மொத்த விளையாட்டையும் மாற்றிவிடும். 400 மீட்டரில் தூவானம் போடுகிற பழக்கம் தானாக விட்டுப்போகும், ஏனென்றால் அங்கே இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் குறுக்கே கடந்து, எதிரியின் இரண்டு பக்கமும் விலகிப் போய்விடும். பொறுமையாக, அவன் கண்ணுக்குப் படாமல், வாலுக்குக் கீழே வந்து, கண்ணாடி நிறைய அவன் விமானம் தெரியும்வரை விரலை அடக்கி வைத்துக்கொண்டு, ஒரு வினாடி, அதிகம் போனால் இரண்டு வினாடி. எண்ணெய் தெறித்து உங்கள் முன்கண்ணாடியே கறுக்கும். அப்போதுதான் பின்லாந்தின் நட்சத்திர விமானி ஹன்ஸ் விண்ட் எப்படி 75 வெற்றிகளில் 39-ஐப் புரூஸ்டரிலேயே எடுத்தார் என்பதற்கு லேசாக ஒரு பிடி கிடைக்கிறது.

ஹரிகேன் சறுக்குகிற இடங்களையும் சொல்லியாக வேண்டும். அது பக்கவாட்டில் உருள்வது மந்தம். புரூஸ்டரில் சட்டென்று புரண்டு கீழே பாய்கிற வித்தை இதில் அரை வினாடி தாமதமாகத்தான் நடக்கும், அந்த அரை வினாடியில் பின்னால் இருப்பவன் ஒரு சரம் விட்டிருப்பான். வெளியே பார்க்கும் வசதியிலும் பின்னடைவு. புரூஸ்டருக்கு நீளமான கண்ணாடிக் கூண்டு, வயிற்றுப் பக்கம்கூட ஒரு ஜன்னல், ஹரிகேனிலோ பின்னால் பார்க்கக் கழுத்தை முறிக்க வேண்டும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பின்லாந்து, சோவியத் எல்லைப் பகுதியான கரேலியாவில் புரூஸ்டர்கள் மோதிய சோவியத் விமானங்களில் ஹரிகேனும் நிறைய. பிரிட்டன் அனுப்பி வைத்தவை. அதனால் நீங்கள் ஹரிகேனில் போகும்போது எதிரணியிலும் ஹரிகேனை வைத்தால், யார் நம் ஆள் என்பதே தெரியாமல் போகும். எதிரணிக்கு ஐ-16, மிக்-3, லாக்-3, பி-40 இவற்றை வையுங்கள். வரலாற்றுக்கும் பொருந்தும், குழப்பமும் இல்லை.

புரூஸ்டர் ஓரளவு தீர்ந்துபோன விஷயம் என்றால், ஃபோக்கர் டி.21 தீராத தலைவலி. மடங்காத சக்கரம், பிரிஸ்டல் மெர்குரி எஞ்சின், நான்கு சின்ன இயந்திரத் துப்பாக்கிகள், வேகம் மணிக்கு 460 கிலோமீட்டர் சுமார். குளிர்காலப் போரின் முதுகெலும்பே இதுதான். கிரேட் பேட்டில்ஸில் இதற்கு எண்களில் பொருந்துகிற எதுவும் கிடையாது. பக்கத்து வீடான, அதே ஐஎல்-2 குடும்பத்து விளையாட்டான கிளிஃப்ஸ் ஆஃப் டோவரில், டோப்ருக் தொகுதியோடு வந்த கிளாடியேட்டர் இருக்கிறது. அதிலும் மெர்குரி எஞ்சின், அதிலும் நான்கு துப்பாக்கி, அதிலும் மடங்காத சக்கரம், பின்லாந்தும் நிஜமாகவே 30 கிளாடியேட்டர்களைப் பெற்றுப் பறந்தது. பொருத்தம் பத்தும் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் பறந்து பார்த்தால் ஏமாற்றம். கிளாடியேட்டர் இரட்டை இறக்கை விமானம், அது வட்டமடித்துச் சண்டை போடச் சொல்லித் தருகிறது. ஃபோக்கர் விமானிகளுக்கோ வட்டமடிப்பது தற்கொலை. ஐ-16-உம் ஐ-153-உம் உள்வட்டத்தில் வந்து கொன்றுவிடும். அவர்கள் செய்தது மேலிருந்து ஒரே பாய்ச்சல், ஒரே சரம், அப்படியே கீழே போய்த் தப்புவது. ஃபோக்கர் செங்குத்தாகப் பாய்வதில் கெட்டி, கிளாடியேட்டரோ பாய்ச்சலில் இழுவையில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் என் தேர்வு சிலருக்கு அபத்தமாகப் படலாம்: ஃபோக்கருக்குப் பதில் பி-40இ. ஆமாம், மேலே பாரவண்டி என்று திட்டின அதே பி-40தான். எண்கள் எதுவும் ஒத்துவராது. ஆனால் எதிரே ஐ-16 இருக்கும்போது இரண்டுக்கும் உள்ள உறவு ஒத்துவருகிறது: திருப்பத்தில் தோற்போம், ஏற்றத்தில் தோற்போம், பாய்ச்சலில் மட்டும் ஜெயிப்போம். அந்த ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு ஆடு என்கிறது விமானம், ஃபோக்கரும் அதைத்தான் சொன்னது. வேகம் கூடுதலாக இருப்பதால் திராட்டிலை முழுக்கத் திறக்காமல் பறக்கிறேன். பி-40-இன் எஞ்சினை விரட்டினால் சீக்கிரம் மூச்சு வாங்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு எப்படியும் நல்லது. குண்டை மட்டும் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும், ஆறு 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கி என்பது ஃபோக்கர்காரர் கனவிலும் காணாத ஆடம்பரம்.

இந்த ஏற்பாட்டை வைத்து 1940 ஜனவரி 6-ஐ அமைத்துப் பாருங்கள் என்று பின்லாந்து வரலாறு தெரிந்த எல்லாருக்கும் கை அரிக்கும், எனக்கும் அரித்தது. அன்று யோர்மா சர்வந்தோ தன் ஃபோக்கரில், ஏழு டிபி-3 குண்டுவீச்சு விமானங்கள் கொண்ட அணியில் ஆறைச் சுமார் நான்கு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். டிபி-3 இந்த விளையாட்டில் இல்லை. இரட்டை எஞ்சின், மெதுவான நடுத்தர ரகம் என்று ஹைங்கல் 111 எச்-6-ஐ ஏழு நிறுத்தினால் பார்க்க எடுப்பாக இருக்கும். விரைவு மிஷனில் எந்த விமானத்தையும் எந்தப் பக்கமும் வைத்துக்கொள்ளலாம் என்பது இந்தத் தொடரின் பெரிய வரம். ஆனால் நடப்பது வேறு. ஹைங்கலின் எரிபொருள் தொட்டிகள் ஓட்டை விழுந்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் ரகம், கவசமும் உண்டு. டிபி-3-க்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான் இறக்கை அடியில் ஒரு சரம் விட்டதும் தீப்பந்தமாக எரிந்தது. ஹைங்கல் எரியாது, புகைவிட்டுக்கொண்டே போகும். அதற்குள் ஏழு விமானத்தின் பின்பக்கச் சுடுநர்களும் உங்களைச் சல்லடையாக்கிவிடுவார்கள். பக்கத்தில் ஒட்டிப் பறக்கிற கூட்டம் என்பதால் எந்தப் பக்கம் போனாலும் மூன்று துப்பாக்கியாவது நம்மைப் பார்க்கும். ஏ-20பி-யை வைத்தாலும் கதை அதேதான். ஓரளவு ஒப்பேறும் வழி, ஹைங்கல்களைப் புதியவர் தரத்துக்கு இறக்கி, பனிமூட்டமில்லாத நடுப்பகல் வெளிச்சத்தில், சற்றுக் கீழிருந்து பின்பக்கமாக ஓர ஆளிடமிருந்து தொடங்குவது. அப்படிச் செய்தும் ஆறு வராது. வராதது எனக்கு ஒருவிதத்தில் பிடித்திருக்கிறது, அந்த நான்கு நிமிடம் எப்பேர்ப்பட்டது என்று உடம்புக்குப் புரிகிறது.

மொரானுக்கு வருவோம். பிரான்சிலிருந்து வந்த எம்.எஸ்.406-க்கு நேர் மாற்று இல்லை, ஆனால் அதன் பிற்காலப் பிறவியான மோர்க்கோ மொரானுக்கு உண்டு. ஜெர்மானியர்கள் கைப்பற்றிய சோவியத் கிளிமோவ் எம்-105 எஞ்சினைப் பின்லாந்துக்காரர்கள் மொரானின் மூக்கில் பொருத்தினார்கள். பொருந்தியதில் ஆச்சரியமில்லை, மொரானில் ஏற்கெனவே இருந்த ஹிஸ்பானோ எஞ்சினின் வம்சத்திலிருந்து வந்ததுதான் கிளிமோவ். அதே எஞ்சின் என்பதால் லாக்-3-ஐப் பரிந்துரைப்பவர்கள் அதிகம். நான் யாக்-1-ஐச் சொல்வேன். லாக்-3 அதே எஞ்சினுக்குக் கனமான உடம்பு, எதற்கும் மூச்சிரைக்கும். யாக்-1 எடையில் மோர்க்கோவுக்கு நெருக்கம், மூக்கு வழியாக ஒரு பீரங்கி, நடுத்தர உயரம்வரை சுறுசுறுப்பு, அதற்கு மேல் சோர்வு. உச்ச வேகத்தில் யாக் ஒரு 50 கிலோமீட்டராவது முந்துகிறது, அதை மட்டும் நாமாகக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். லாக்-3-ஐப் பின்லாந்துச் சாயத்தில் பறக்க ஆசைப்பட்டால் அதை லாக்-3-ஆகவே பறக்கலாம். சோவியத்திடமிருந்து கைப்பற்றிய மூன்று லாக்-3-களை 32-ஆம் படையணி எல்ஜி என்ற குறியெழுத்தோடு நிஜமாகவே பயன்படுத்தியது. கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொட்டிப் பறக்கவிட்ட படை அது. சொல்லப்போனால், மாற்று விமானம் என்ற எண்ணமே பின்லாந்துக்கு அந்நியம் இல்லை.

மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-2-க்கு நீண்ட விமர்சனம் தேவையில்லை. எந்த மாற்றும் வேண்டாம், ஸ்டாலின்கிராட் தொகுதியில் இருப்பதையே எடுங்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் 1.3 அட்டாவுக்கு மேல் போகாதபடி வைத்திருக்கிறார்கள். இறக்கைக்கு அடியில் தொங்கும் கூடுதல் பீரங்கிகளைக் கழற்றிவிட்டால் ஓட்டமும் ஏற்றமும் அற்புதம். எதிரணியில் லா-5, யாக்-9, பி-39, இல்-2, பெ-2 எல்லாம் உண்டு என்பதால், 1944 ஜூனில் கரேலியப் பூசந்தியில் சோவியத் பெருந்தாக்குதல் தொடங்கியபோது வானில் இருந்த கூட்டத்தை அச்சுப் பிசகாமல் அமைக்கலாம். இல்மாரி யூட்டிலைனென் 94 வெற்றிகளில் பெரும்பங்கை எடுத்தது 109-இல்தான். எதிரிப் போர் விமானத்தின் குண்டு ஒன்றுகூடத் தன் விமானத்தில் பட விட்டதில்லை என்ற பெருமையும் அவருக்கு உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க, அடிபடாமல் திரும்புவதை மட்டும் இலக்காக வைத்துப் பறந்து பாருங்கள், விளையாட்டே வேறாகத் தெரியும்.

குறை என்றால் நிலம்தான். கிரேட் பேட்டில்ஸில் பின்லாந்து விமானியாகத் தொடர்ந்து ஆடும் கேரியர் (career) முறை இல்லை, நான் பறந்த வரைபடங்களில் லடோகாவும் இல்லை, வைப்பூரி நகரமும் இல்லை. விமானத்துக்கு மாற்று தேடுகிறவர்கள் நிலத்துக்கும் தேட வேண்டியிருக்கிறது. வெலிக்கியே லூகி வரைபடத்தின் பனிக்காலப் பதிப்பில் காடும் உறைந்த ஏரிகளும் ஓரளவு கரேலியாவை ஞாபகப்படுத்தும். மாஸ்கோ வரைபடம் காடு என்றாலும் சமவெளி வாசம் அடிக்கிறது. ஸ்டாலின்கிராட் புல்வெளியில் பின்லாந்துச் சாயத்தோடு பறந்தால் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. சாயம் என்றதும் ஒன்று: அந்தக் காலத்துப் பின்லாந்து விமானங்களில் நீல ஹகரிஸ்தி, அதாவது சுவஸ்திகா, இருந்தது. 1918-இல் ஸ்வீடன் பிரபு ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த முதல் விமானத்தோடு வந்த சின்னம், நாஜிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1945-இல்தான் நீல வெள்ளை வட்டத்துக்கு மாறினார்கள். பல விளையாட்டுகளில் அந்தச் சின்னம் இருக்காது. ரசிகர்கள் செய்த சாயங்களில் சிலர் வெற்று வட்டமாக விட்டிருப்பார்கள். நான் மஞ்சள் பட்டையும் புரூஸ்டருக்கு பிடபிள்யூ, மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு எம்டி என்ற குறியெழுத்துகளும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

நிலமும் வேண்டும், நிஜப் புரூஸ்டரும் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை: பழைய ஐஎல்-2 1946. பின்லாந்து வளைகுடா வரைபடம், பறக்கக்கூடிய பி-239, ஐ-153, பின்லாந்துப் படையணிகள் எல்லாம் அதில் உண்டு. படம் இருபது வருடத்துக்கு முந்தையது என்பது முதல் பார்வையிலேயே தெரியும், மரங்கள் அட்டை மாதிரி இருக்கும், சேதம் காட்டும் விதமும் பழசு. ஆனால் புரூஸ்டரின் காக்பிட்டில் உட்கார்ந்து கீழே உறைந்த வளைகுடாவைப் பார்க்கிற சந்தோஷத்தைப் புதுத் தொடர் இன்னும் தரவில்லை. அதில் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் எஃப்2ஏ-2-உம் இருக்கும், பெயரும் உருவமும் அதேதானே என்று அதை எடுத்துவிடாதீர்கள். புரூஸ்டர் குடும்பத்தில் ஒவ்வொரு அடுத்த ரகத்திலும் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எடை ஏறிய அந்த உறவுக்கார விமானங்கள்தான் 1941, 42-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியர்களிடம் அடிவாங்கின. பின்லாந்தின் 24-ஆம் படையணியோ எடை குறைந்த அண்ணனை வைத்துக்கொண்டு 459 வெற்றிகளுக்கு உரிமை கோரியது, வான்சண்டையில் இழந்தது 15. உரிமை கோரல்களில் எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி செய்து பார்க்க வேண்டும் என்றாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். ஒரே பெயர்ப்பலகை, ஒரே உருவம், ஆனால் கையில் பிடித்தால் வேறு விமானம். உருவத்தை நம்பாதீர்கள் என்று நான் கத்துவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கிளிஃப்ஸ் ஆஃப் டோவரில் ஃபியட் ஜி.50 அசலாகவே இருக்கிறது. அழகாகச் செய்திருக்கிறார்கள், திறந்த காக்பிட்டில் காற்று இரைவதுகூடக் கேட்கும். ஆனால் கீழே ஆங்கிலக் கால்வாய் அல்லது வட ஆப்பிரிக்க மணல். இந்த விமானத்தைப் பனிக்குளிரில் ஓட்டிய பின்லாந்துக்காரரை நினைத்துக்கொண்டு பாலைவனத்தின் மேல் பறப்பது எனக்குச் சரிப்படவில்லை. சரியான விமானம் தவறான நிலத்தில் என்பதைவிட, தவறான விமானம் சரியான பனிக்காட்டின் மேல் என்பதே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ள நண்பர்கள் நிறைய, அவர்கள் ஃபியட்டை ரசிக்கட்டும்.

வார் தண்டர் விளையாட்டில் ஸ்வீடன் வரிசைக்குள் பின்லாந்து விமானங்கள் இருக்கின்றன, இலவசம் வேறு. அசல் பி-239, பின்லாந்தே வடிவமைத்த மிர்ஸ்கி, ஒரே ஒரு மாதிரி மட்டும் 1945 நவம்பரில் பறந்த பியோர்ரெமிர்ஸ்கி எல்லாம் கிடைக்கும். பார்க்க அருமை. ஆனால் அதன் சிமுலேட்டர் சண்டைகளில்கூட எஞ்சின் பராமரிப்பு, வெப்பம், தவறின் விலை எல்லாம் லேசாகத்தான் படுகிறது, நான் தேடுவது அங்கே இல்லை.

ஜெட் காலத்துக்கு டிசிஎஸ் வேர்ல்டு என்ற இன்னொரு சிமுலேட்டர். அங்கேயும் இதே அளவுகோல் வேலை செய்கிறது. மிக்-21பிஸ் நமக்கெல்லாம் தெரிந்த முகம், இந்தியாவும் பின்லாந்தும் மிக்-21-ஐ வாங்கத் தொடங்கியது ஒரே 1963-இல். பின்லாந்து பிஸ் ரகத்தை 1978 முதல் 1998 வரை பறந்தது, அதனால் அதை அப்படியே எடுக்கலாம். அதற்கு முந்தைய எஃப்-13-க்கும் இதையே மாற்றாக வைக்கிறேன். ரேடாரை அணைத்துவிட்டு, வெப்பம் தேடும் ஏவுகணை இரண்டு மட்டும், எரிபொருள் பாதி, அவசரகால ஆஃப்டர்பர்னர் தொடவே கூடாது. ஏறக்குறைய அந்த மெலிந்த விமானத்தின் கையிருப்பு வந்துவிடும்.

ஸ்வீடன் தயாரித்த ஜெட்டான டிராக்கனுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. பின்லாந்து 1972-இலிருந்து 2000 வரை டிராக்கனை வைத்திருந்தது, டிசிஎஸ் கடையில் அது இல்லை. ஸ்வீடன், சாப் கம்பெனி, முக்கோண இறக்கை என்று பார்த்து எல்லாரும் விக்கனைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் டிசிஎஸ்ஸில் இருப்பது ஏஜேஎஸ்-37, மரங்களை உரசிக்கொண்டு போய் கப்பலையோ பாலத்தையோ அடிக்கிற தாக்குதல் விமானம். அதில் உட்கார்ந்தால் உங்கள் கை வரைபடத்திலும் வழிப்புள்ளிகளிலும்தான் இருக்கும். டிராக்கன் விமானியின் வேலை தரைக்கட்டுப்பாடு சொல்கிற திசையில் மேலே பாய்ந்து, எதிரியைக் கண்ணால் கண்டு, வால்பக்கம் வந்து வெப்ப ஏவுகணையை விடுவது. அந்த வேலையை இன்று டிசிஎஸ்ஸில் கிட்டத்தட்ட அதே மாதிரி செய்ய வைப்பது மிக்-21பிஸ்தான். இரண்டையும் ஒரே காலத்தில் ஒரே வானைக் காக்க வைத்திருந்த நாடு பின்லாந்து என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்னெட்டில் தலைகீழ் வேலை, சேர்ப்பதற்குப் பதில் கழிக்க வேண்டும். டிசிஎஸ்ஸின் எஃப்/ஏ-18சி அமெரிக்கக் கடற்படையின் விமானம். பின்லாந்து 57 ஒற்றை இருக்கையும் 7 இரட்டை இருக்கையும் வாங்கியபோது அவை வான்சண்டைக்கு மட்டும்தான். தரைத்தாக்குதல் ஆயுதங்கள் 2010-களின் மேம்படுத்தலோடுதான் வந்தன. அதனால் 2000 வாக்கில் பறப்பதாக வைத்துக்கொண்டால் ஆம்ராம், சைட்வைண்டர் என்ற வான்சண்டை ஏவுகணைகள் தவிர எதையும் தொங்கவிடாதீர்கள். ரேடாரை அடிக்கும் ஹார்ம், கப்பலை அடிக்கும் ஹார்பூன் ஏவுகணைகள் எந்தக் காலத்துக்குமே கிடையாது. கோலா வரைபடத்தில் ரோவனியேமி இருக்கிறது, லாப்லாந்து விமானப் பிரிவின் நிஜ வீடு. குறுகிய ஓடுபாதையில் கடைசியில் மூக்கைத் தூக்கி மிதக்காமல், கப்பலில் இறங்குவது மாதிரி அதே கோணத்தில் அப்படியே வந்து பதித்து இறங்கிப் பழகுங்கள். பின்லாந்து விமானிகள் நெடுஞ்சாலைத் துண்டுகளில் அப்படித்தான் இறங்குகிறார்கள், கொக்கி போட்டு நிறுத்தும் கம்பியும் வைத்திருக்கிறார்கள். கப்பலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை விமானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு இறக்கமே பதில்.

காசு விஷயம். கிரேட் பேட்டில்ஸில் ஹரிகேன் தனியாக விற்கிற விமானம், எந்தத் தொகுதியை வாங்கினாலும் கூடவே வராது, கவனம். பி-40இ மாஸ்கோ தொகுதியின் பிரீமியம் பதிப்பில் வரும், ஐ-16-உம் மிக்-3-உம் மாஸ்கோவிலேயே இருக்கின்றன. 109 ஜி-2, யாக்-1, லாக்-3, ஹைங்கல் ஆகியவை ஸ்டாலின்கிராடில். முழு விலைக்கு எதையும் வாங்க வேண்டாம், ஸ்டீமில் பண்டிகைத் தள்ளுபடிகளில் பாதிக்கும் கீழே இறங்கும். ஐஎல்-2 1946 அப்போது ஒரு பிரியாணி விலைக்குக்கூட வராது, அதை மட்டும் இன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம்.